இடக்கைப் பெருவிரல்

எனக்கு வலிப்பு இருந்தது. இதை இப்படி நேரே எழுதவே எனக்கு இத்தனை வயது தேவைப்பட்டிருக்கிறது. இளவயதில் உன்னிச்சை வயல் வட்டையில் நெல்லுச்சூடு மிதிக்கையில் மாடு காலால் எத்தி, வலக்காதுக்கு மேலே மண்டை உடைந்தது. புண் ஆறியது; மறுவருஷம் வலிப்பு வந்து சேர்ந்தது.

களுவாஞ்சிக்குடியில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருந்தேன். மாமியார் வீட்டில் விழுந்து புரளும் மருமகன்! வலிப்பு வந்தால் மாமி ஓடிவந்து பூட்டுத் திறக்கும் இரும்புத் திறப்பொன்றைக் கையில் திணித்து, போர்வையால் என்னை மூடிவிடுவார். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் போர்வைதான் என் மானத்தைக் காக்கிறது என்று நம்பியிருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பட்டினத்து ஆசுபத்திரிக்கு வந்த புது டொக்டர் என் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"கொழும்புக்கு அனுப்பினா மண்டையைத் திறந்து உள்ள இருக்கிற வடுவை வெட்டி எடுக்கலாம். ஆனா வலிப்பு அந்த இடத்திலதான் தொடங்குது எண்டு தெரியவேணும். மூளையின்ட மின்சாரத்தைக் கடதாசியில கீறிக் காட்டுற மிஷின் சீமையில இருக்கு, இஞ்ச இல்ல. பார்த்த ஆக்கள்தான் சொல்லவேணும். முதல்ல எந்தப் பக்கம் இழுக்கும்?"

கூட வந்திருந்த மாமி முழித்தார். "போர்வையால மூடிப்போடுவம் ஐயா. ஆரு பார்த்த?"

"நான் பார்த்தன்," என்றாள் என் மனைவி. "முதல்ல இடக்கைப் பெருவிரல் துடிக்கும். மறுகா கை முழுக்க. மறுகா வாய் இடப்பக்கம் கோணி வீணி வடியும். கடைசியில கட்டியிருக்கிற சாரத்தோடயே மூத்திரம் போயிருவார்."

கடவுளே! மாமிக்கு முன்னால், பக்கத்தில் நின்ற மருந்து கலக்கிறவருக்கு முன்னால், என் மானம் கப்பலேறியது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. ஒவ்வொரு முறையும் இவள் போர்வைக்குள் தலையை நுழைத்துப் பார்த்திருக்கிறாள்! டொக்டரோ துள்ளிக் குதிக்காத குறை. "வலப்பக்கக் காயம், இடக்கை. மூளையின்ட வலப்பக்கந்தான் இடக்கையை ஆட்டுறது. சரியா அதே இடந்தான்!" என்றார்.

கொழும்பில் மண்டையைத் திறந்து வடுவை எடுத்தார்கள். மொட்டைத் தலையோடு ஊர் திரும்பினேன். மாதங்கள் போயின, வலிப்பைக் காணோம். அப்பப்பா, நான் விட்ட சவடால்! சந்தையில் கண்டவனையெல்லாம் மறித்து, "எனக்குச் சுகம்!" என்றேன். தனியே தோணியெடுத்து வாவிக்குள் போகத் தொடங்கினேன். துணைக்கு ஆள் அனுப்பவா என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தேன்.

மனைவியோடு மறுபடி காட்டப் போனபோது, "பிறகு வலிப்பு வந்ததா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒருக்காலும் இல்ல," என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மனைவி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "வந்தது ஐயா. நித்திரையில, ரெண்டு தரம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாத! வந்தா எனக்குத் தெரியாதா? சாரம் நனைஞ்சிருக்குமே!"

"நீங்க எழும்ப முதல் மாத்திப்போட்டன். ஊரெல்லாம் சுகம் எண்டு சொல்லித் திரியிறீங்க, எந்த வாயால நான் சொல்லுற? தோணியில தனியப் போறீங்களே, அதாலதான் இப்ப சொல்றன்."