பாட்டும் ஓடியது, பக்கமும் ஓடியது

இங்கே லைப்சிக்கில் ரயிலில் சத்தம் போடக் கூடாத பகுதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. 'ரூஹெபெராய்ஷ்' என்பார்கள். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில், சுண்டல் விற்பவர் குரலுக்கும் நாலு செல்போன் பாட்டுக்கும் நடுவில் பரீட்சைக்குப் படித்து வளர்ந்தவள் நான். இந்தச் சத்தமில்லாப் பெட்டியில் எனக்குத் தும்மல் வந்தால்கூட பயமாக இருக்கும். ஆனாலும் வேலைக்குப் போகும்போது அங்கேதான் உட்காருவேன். கையில் மின்புத்தகம் படிக்கும் ரீடர், காதில் அதே ரீடரிலிருந்து பழைய சினிமாப் பாட்டு. பாட்டு ஓடாவிட்டால் எனக்கு எழுத்து மண்டையில் ஏறாது. போன வருஷம் ஒருநாள் காலை, காதில் மாட்டியிருந்ததில் சார்ஜ் தீர்ந்து, ரீடர் தன் பாட்டுக்கு ஸ்பீக்கரில் பாட ஆரம்பித்துவிட்டது. தபேலாவும் வயலினும் பெட்டி முழுக்கக் கேட்டன. பதறிப்போய் அணைத்தேன். எதிரில் இருந்த அம்மாள் கோபப்படவில்லை. ஒலிப் புத்தகமா என்று கேட்டார். இல்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டே நாவல் படிக்கிறேன் என்றேன். "அப்படியானால் இரண்டில் எதைச் செய்கிறீர்கள்?" என்றார். நக்கல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் ஒன்றைக் கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவர். சாயங்காலம் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுப்பார். காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், கூப்பிட்டால் மட்டும் ஆளில்லை என்று அம்மா திட்டுவாள். அம்மா போன பிறகு அவர் அங்கே தனியாக ஆனார். நான் ஒரே மாதிரி இரண்டு ரீடர் வாங்கி, ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். பாட்டும் போடலாம், புத்தகமும் படிக்கலாம். இரண்டு ரீடருக்கும் ஒரே அக்கவுண்ட். அதில் ஒரு வசதி உண்டு. அவர் சிட்லபாக்கத்தில் எந்தப் பக்கத்தில் விட்டாரோ அது என் திரையில் தெரியும். 'மற்ற கருவியில் இந்தப் பக்கம் வரை படிக்கப்பட்டிருக்கிறது, அங்கே போகவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று அமுக்கிவிட்டு நான் என் பக்கத்திலிருந்து படிப்பேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு உயிர். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை வேவு பார்க்க வெளிநாட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஆளுக்கொரு வழி இருக்கிறது. ஒருத்தி வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்ப்பாள். ஒருவன் வாசலில் கேமரா மாட்டுவான். எனக்குப் பக்கம் நகர்ந்தால் போதும், அப்பா நன்றாக இருக்கிறார்.

பக்கம் நகர்ந்துகொண்டேதான் இருந்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் என்னைவிட வேகமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கதை எப்படி என்று கேட்டால், "நல்லாப் போகுதுமா. நீ எதுவரைக்கும் வந்தே, சொல்லு" என்பார். நான் மூச்சு விடாமல் கதை சொல்வேன். உம் கொட்டிக் கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவன் பண்ணது தப்புதான்" என்று கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்வார். என் பேச்சைக் கேட்க ஒரு மனுஷர் இருக்கிறாரே என்று எனக்கு அவ்வளவு பெருமை.

இந்த முறை ஊருக்குப் போனபோது கதவைத் திறந்தவர் அப்பாதான். நேராக வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். காபி போட்டுக் கொடுத்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சமையலுக்கு வரும் செல்வி அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "சாருக்கு எப்பப் பாரு அந்தப் பொட்டிதான் பாப்பா. பாட்டு கேட்டுகினே பட்ச்சிகினு கீறாரு. வேற ஒரு பேஜாரும் இல்ல" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா பால்கனி நாற்காலியில் ரீடரோடு உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் தூரத்திலிருந்து பார்த்ததை நேரில் பார்க்கும் ஆசையில் பின்னால் போய் நின்றேன். பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி திரும்பியது. அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, திரையைத் தொடவே இல்லை. நமக்குத் தெரியாத ஏதோ புது வித்தை, மனுஷர் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கடைசிப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு பெரிய எழுத்தில், 'இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டீர்கள்' என்று திரை காட்டியது. அப்பா அதையே பார்த்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, முடிஞ்சிடுச்சா?"

"இல்லமா, இன்னும் கொஞ்சம் இருக்கு. நல்ல எடத்துல நிக்குது."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். இடது பக்கம் ஆட்டியபோது கண் இமைக்கவில்லை. வலது பக்கம் வந்ததும் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். "தெரிஞ்சிடுச்சா?" என்றார், திருட்டுப் பீடி பிடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. எழுத்து தெரியாமல் போய் ரொம்ப நாள் ஆகிறதாம். தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் போய், பாட்டு ஓடும்போது பக்கமும் தானாகத் திரும்ப ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், "அப்புறம் எப்பிடி சார் படிப்பீங்க?" என்று கேட்டாராம். "நான் படிக்கறதுக்கு இல்லப்பா, என் பொண்ணு பாக்கறதுக்கு" என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையலறைக்குள் போய் செல்வி அக்காவைப் பிடித்தேன். "எனக்கு இன்னா பாப்பா தெரியும்? காலம்பர நாஷ்டா துன்றாரு, நடந்து போயி பால் வாங்கினு வர்றாரு. கண்ணு தெரியாதவரு மாதிரியா கீறாரு?" என்றார். அவரிடம் என்ன கோபிப்பது.

அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்து, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் அதைக் காப்பாற்றலாம். இன்னும் தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும். "முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்று டாக்டர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா என்னவோ வேறு யாரையோ சொல்வது போல உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். நான் கவலைப்படுவேன், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவேன் என்று பயந்திருப்பார், அதைச் சொல்வார், நான் அழுவேன் என்று தயாராகவே இருந்தேன்.

"தெரிஞ்சா நீ என்னை அங்க கூட்டிட்டுப் போயிடுவே. அதான்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் லைப்சிக்கில் என்னோடு கொஞ்ச நாள் இருந்தார். எங்கள் கட்டடத்துப் படியில் ஏறும்போது மாடி வீட்டுக்காரர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நீ யார், இங்கே என்ன வேலை என்பதை மட்டும் அங்கே அப்படிச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, கையிலிருந்த காய்கறிப் பையை அவரிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பேயறைந்த மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். இதை நான் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "கண்ணு இருக்கும்போதே அங்க எனக்கு ஒண்ணும் புரியலை. கண்ணும் இல்லாம அங்க வந்து என்னம்மா பண்ணுவேன்? இங்க எனக்குக் காலே வழி சொல்லும்" என்றார் அப்பா.

நான் அப்படியெல்லாம் கூட்டிப் போயிருக்க மாட்டேன் என்று சண்டை போட நினைத்தேன். ஆனால் டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனம் விசாவுக்கு எங்கே எழுதுவது, எந்த அறையை அவருக்கு ஒழிப்பது என்று போய்விட்டிருந்தது. என்னைப் பெற்றவருக்கு என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. என் நல்லெண்ணத்துக்குப் பயந்து ஒரு மனிதர் தன் கண்ணையே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

"ஆபரேஷன் பண்ணிக்கோங்க. எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் பேரம். நான் லீவை நீட்டித்தேன்.

அன்று சாயங்காலம் சொட்டு மருந்து வாங்க இரண்டு பேரும் நடந்து போனோம். நான்தான் அவர் கையைப் பிடித்திருந்தேன், ஆனால் நடத்திக்கொண்டு போனது அவர். "லெப்ட்ல வராதே, டிரெய்னேஜ் மூடி ஒடைஞ்சு கெடக்கு" என்றார். உடைந்துதான் கிடந்தது. "இங்க வண்டி வேகமா திரும்பும், நில்லு" என்றார். நின்றேன், ஒரு வண்டி வேகமாகத் திரும்பிப் போனது. தனி வீடுகள் இருந்த இடத்திலெல்லாம் அடுக்குமாடிகள் எழுந்திருந்தன. எது யாருடைய வீடு என்று எனக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டுப் பையோடு பைக்கில் வந்த ஒருவர் எங்களருகே நிறுத்தி, அப்பாவை விட்டுவிட்டு, கண் தெரிகிற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, ஏரிக்கரைக்கு இப்பிடியே போலாமா?"

"தெரியலைங்க, நான் இந்த ஊர் இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நான் பிறந்த வீடு எனக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், அல்லது என் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு பைக்காரருக்கு வழி சொன்னார். நேராப் போயி, பிள்ளையார் கோயில் தாண்டி ரைட்ல திரும்புப்பா, அங்கேர்ந்து ஏரி தெரியும். பைக் போனதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வா, கடையை மூடிடப் போறான்" என்றார்.