நெடுங்கரைப்பட்டிக்குப் பஸ் கேட்ட மைக்செட் பாய்

தேவதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் நெடுங்கரைப்பட்டியில் ‘காதர் வீடு எது?’ என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். ‘மைக்செட் பாய் வீடு’ என்றால் சின்னப் பிள்ளைகூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடும். ஐம்பதைத் தாண்டிய காதருக்கு அறிவிப்புத்தான் தொழில். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களையெல்லாம் சுற்றி வருவார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், உபவாச ஜெபக் கூட்டம் எல்லாம் அவர் குரலில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். தேர்தல் வந்துவிட்டால் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் அதன் எதிர்க் கட்சி. யார் வென்றாலும் “நம்ம பாய் பேசின பேச்சு” என்பார்கள். தோற்றவர்கள் அவரைக் குறை சொன்னதில்லை.

எழுதிக் கொடுப்பதை வாசிப்பார். தாமாக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார். “நான் குழாய், தண்ணி விடுறது அவிய” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம்.

அந்தச் சமாதானத்துக்குச் சிக்கல் வந்தது ஒரு ஐப்பசி மழையில். ஊருக்கு வரும் வழியிலிருந்த ஓடைப்பாலம் இடிந்து, ராஜபாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்த டவுன் பஸ் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கோடு நின்றுவிட்டது. பாலத்தை அடுத்த கோடைக்குள் நன்றாகவே கட்டி முடித்தார்கள். ஆனால் பஸ் திரும்ப வரவில்லை. மில்லுக்கும் பேண்டேஜ் கம்பெனிக்கும் போகிற பெண்கள் விலக்குவரை நடந்து போனார்கள், நடந்து வந்தார்கள். காதரின் மனைவி ரஹ்மத் பீவியும் அவர்களில் ஒருத்தி. பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க நின்று துணி மடிக்கிற வேலை. அதற்கு மேல் இந்த நடை.

ஒருநாள் சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி, கணவர் ஆட்டோவில் உட்கார்ந்து மறுநாள் அறிவிப்பை ஒத்திகை பார்ப்பதைக் கேட்டாள். யாரோ ஒருவருடைய ஓட்டலுக்குத் திறப்புவிழா.

“இங்கேருங்க. ஊருல உள்ள அம்புட்டுப் பேருக்கும் பேசுறிய. நம்ம பஸ்ஸுக்கு ஒரு வார்த்தை பேசினா தொண்டை கட்டிருமோ?”

“நான் பேசினா எந்தக் கட்சிக்காரன்னு கேப்பாக ரஹ்மத்து. பொறவு மத்தவன் ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.”

“எங்காலு எந்தக் கட்சியாம்? அதையும் கேட்டுச் சொல்லுங்க.”

காதர் ஒத்திகைத் தாளை மடித்து வைத்தார். மறுநாள் காலையில் திறப்புவிழாவுக்குப் போகிற வழியில் ஊராட்சி அலுவலகத்தில் ஆட்டோவை நிறுத்தினார். அப்போது தலைவராயிருந்த பாண்டிசெல்வி சலிப்போடுதான் பேசினாள்.

“பஸ் விடுறது என் கையில இல்ல பாய். ஆனா கிராமசபையில தீர்மானம் போட்டா நான் அதை எடுத்துக்கிட்டு எங்கேயும் போய் நிப்பேன். தீர்மானம் போடணும்னா ஆள் வரணும்லா? போன தடவை வந்தது நூறுநாள் வேலைக்காரப் பொம்பளைங்க கொஞ்சப் பேரும் மழைக்கு ஒதுங்கின ஒரு ஆடும். மத்தவுக வீட்டுக்கு நோட்டு போய்க் கையெழுத்து வாங்கி வருது.”

“ஆளைக் கூட்டுறதுதான எந்தொழிலு” என்று காதர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பாண்டிசெல்வி அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டு பதினைந்து கிராமசபைக்கு முந்தின நாள், காதர் தம் சொந்த ஊர்த் தெருவில் ஆட்டோவை உருட்டினார். கையில் தாள் இல்லை. எழுதிக் கொடுக்கவும் ஆளில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனதும் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

“அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் பொன்னான வாக்குகளை…”

நிறுத்திவிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. குழாயடியில் நின்ற சுடலைமாடத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “பாய், தேர்தலா வந்திருச்சு? பிரியாணி எங்க?”

காதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வாக்கு வேண்டாம். பிரியாணியும் கிடையாது. நாளைக்குக் காலையில கிராமசபை. நம்ம ஊருக்குப் பஸ் வேணும்னா வாங்க. வேண்டாம்னா வீட்டுல படுத்துத் தூங்குங்க. நடக்குறது உங்க காலு.”

இருபது வருடத் தொழிலில் அவர் தாமாகப் பேசிய முதல் அறிவிப்பு அது. அடுத்த தெருவில் குரல் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. மூன்றாவது தெருவில் அவருக்கே பிடித்துப்போய் அதே தெருவை இரண்டாம் முறையும் சுற்றினார்.

மறுநாள் பள்ளிக்கூட வளாகம் கொள்ளவில்லை. ஜமுக்காளம் போதாமல் வேப்பமரத்தடி மண்ணிலும் உட்கார்ந்திருந்தார்கள். “பாய், நீங்களே எடுத்துச் சொல்லுங்க” என்றாள் பாண்டிசெல்வி. காதர் எழுந்தார். மைக் இல்லை. முன்னால் தெரிந்த முகங்கள். “அதாவது… இந்த பஸ்ஸானது…” என்பதற்கு மேல் குரல் எழும்பவில்லை. பின்வரிசைக்கு அதுவும் கேட்கவில்லை.

“உட்காருங்க, நான் சொல்லுதேன்” என்று ரஹ்மத் பீவி எழுந்துவிட்டாள். எத்தனை மணிக்கு எழுந்து, உலை வைத்து, எப்போது நடக்கத் தொடங்குகிறாள் என்பதை அடுப்படியில் பேசுவதைப்போலவே சொன்னாள். அவள் முடிப்பதற்குள் மில்லில் வேலைபார்க்கும் செலினா எழுந்தாள். “எனக்கு இது ஏழாம் மாசம். விலக்குல உக்கார ஒரு கல்லுகூட இல்ல.” பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அதிகாரி பேனாவை மூடாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தீர்மானம் போட்டதும் பஸ் வந்துவிடவில்லை. ஒரு திங்கட்கிழமை பெண்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாண்டிசெல்வி தலைமையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக விருதுநகர் போய், கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். காதரும் கூடப் போனார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவர் குரலை வைத்தே அடையாளம் கண்டு பேச்சுக் கொடுத்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. மனு கைமாறிக் கைமாறி, ஒரு மாதம் கழித்து டிப்போவிலிருந்து இடத்தைப் பார்க்க ஆள் வந்தார்.

வந்தவர் பாலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ரோட்டைப் பார்த்தும் தலையாட்டினார். ஊர் முக்கில் வந்து நின்றதும்தான் உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாம் சரிதான். ஆனா வந்த பஸ்ஸை எங்க திருப்புறது? இது பஸ் திரும்புற இடம்தான? பஸ் நின்னதும் ஆளுக்கொரு பக்கமா அடைச்சு வச்சிருக்கீக. இதைக் காலி பண்ணுங்க, நான் எழுதித் தாரேன்.”

எல்லோரும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரரின் பெஞ்சுகள், கட்சிக் கிளைச் செயலாளர் முத்துக்குமரனின் டிராக்டர் டிரெய்லர், யாரோ அடுக்கிய வைக்கோல். இவற்றுக்கெல்லாம் நடுவில், பெரிதாக, தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்று. காதர் தம் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஒயர்ச் சுருள்களையும் வைத்திருக்கும் கொட்டகை. பஸ் நின்றபின் காலியாகக் கிடந்த இடத்தில் அவரே போட்டது.

ரஹ்மத் பீவி கணவரைப் பார்த்தாள். அவருக்குக் காதுமடல் சூடேறியது.

டிப்போக்காரர் பைக் ஏறிப் போனதுமே காதர் கடப்பாரை எடுத்துவந்தார். தகரம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டு முன்னறைக்குப் போயின. “இனிமே நின்னுக்கிட்டே சாப்பிட வேண்டியதுதான்” என்று ரஹ்மத் பீவி முணுமுணுத்தாலும் பெட்டிகளின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கியவள் அவள்தான். பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் தாமாகவே பெஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்டார். வைக்கோலும் போய்விட்டது.

டிரெய்லர் மட்டும் அசையவில்லை. முத்துக்குமரன் காதரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

“பாய், பஸ்ஸு எங்க கட்சி முயற்சியில வந்துச்சுன்னு நீங்க மைக்குல சொல்லுங்க. நான் இப்பவே டிரெய்லரை எடுக்குதேன்.”

“அப்படிச் சொன்னா எதிர்க் கட்சிக்காரரும் அதையே சொல்லச் சொல்வாரு. காலையில உங்களால வந்த பஸ்ஸு, சாயங்காலம் அவரால வந்திருச்சுன்னு நான் சொல்லணும். சரியா?”

“இம்புட்டு நாளும் அப்படித்தான சொன்னீக?”

“சொன்னேன். அது உங்க ஓட்டு. இது எம் பொண்டாட்டி முழங்காலு.”

முத்துக்குமரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு முறைத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய தங்கச்சியும் செலினா வேலைபார்க்கும் மில்லுக்குத்தான் போகிறாள். வீட்டில் ஏற்கெனவே வசவு நடந்திருக்கும் போலிருக்கிறது. மறுநாள் டிரெய்லர் அவருடைய தோட்டத்தில் நின்றது.

தை பிறந்த கையோடு பஸ் வந்தது. முன்கண்ணாடியில் நெடுங்கரைப்பட்டி என்ற பெயரைப் பார்த்ததும் சுடலைமாடத்தி குலவையிட்டாள். டிரைவர் முக்கில் ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்பிக் காட்டியபோது விசில் பறந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பேனர் கட்டியிருந்தார்கள். நன்றி சொல்லியிருந்த தலைவர்கள் வேறு வேறு. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு வந்திருந்த செலினாவுக்கு ஜன்னலோரச் சீட்டைக் கொடுத்துவிட்டு ரஹ்மத் பீவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காதர் மைக்கை எடுத்தார். “பஸ் வந்தாச்சு. கிராமசபைக்கு வந்த எல்லாரும் ஏறுங்க. வராதவுகளும் ஏறுங்க. அடுத்த சபைக்கு மட்டும் வந்திருங்க.”

ஒன்றிரண்டு தேர்தல் வேலைகள் பிறகு அவருக்குக் கிடைக்காமல் போனது உண்மை. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கிராமசபை அறிவிப்புக்கு அவரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்துகூட ஒருவர் வந்து, தண்ணீர்த்தொட்டி கேட்கிற கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அழைத்துப் போனார். காதர் இப்போதும் சபையில் எழுந்து நின்று பேசுவதில்லை. அந்த வேலையை ரஹ்மத் பீவிக்கு விட்டுவிட்டார்.

போன வாரம் காலையில் பஸ் படிக்கட்டுவரை நிறைந்து வழிந்தது. டிக்கெட் கிழிக்கக் கையைத் தூக்க முடியாத கண்டக்டர் உள்ளேயிருந்து கத்தினார்.

“ஏம்மா, இம்புட்டுப் பேரா இருக்கீக இந்த ஊருல? ஒரு பஸ்ஸு எப்படிம்மா பத்தும்?”

“அதையே மனுவுல எழுதிருவோம் சார்” என்றாள் ரஹ்மத் பீவி, கம்பியைப் பிடித்துக்கொண்டு. “நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுவீகளா?”

பஸ்ஸே சிரித்தது. பாலத்தைத் தாண்டுவதற்குள் செலினா அடுத்த கிராமசபைத் தேதியைக் கேட்டுவிட்டாள்.