ஒல்லாந்தர் தீட்டிய நீர்முள்ளி

கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மீன் போடும் என் தம்பிதான் வந்து சொன்னான். "லாத்தா, நீங்க கலர் பூசின வாப்பாட மூலிகைப் படமெல்லாம் அங்க சுவரில தொங்குது. கண்ணாடி போட்டு வெச்சிருக்காங்க."

"போடா விசரா," என்றேன். சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மன்னாரில் எங்கள் வீட்டின் கதவு நிலைகூட மிஞ்சவில்லை, அந்தப் படமிருந்த புத்தகம் மட்டும் மிஞ்சுமா? ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாப்பா நாட்டு வைத்தியர். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்த மூலிகைப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். படங்கள் வெறும் கறுப்புக் கோடு. அந்தக் காலத்தில் அச்சடித்த பிறகு கையால்தான் நிறம் பூசுவார்களாம். இதற்கு யாரும் பூசாமலே விட்டுவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத நோயாளிகளிடம் வாப்பா படத்தைக் காட்டி, "இந்த இலையைப் பறிச்சிட்டு வாங்க" என்பார். அவர்கள் வேறெதையாவது பிடுங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். கடைசியில் எரிச்சல் தாங்காமல் பெயின்ட் பெட்டி ஒன்றை வாங்கி என் கையில் திணித்தார். இரண்டு வருடம் பூசினேன். செடியைப் பக்கத்தில் வைத்து, இலை வாடுமுன் பூசி முடிக்கவேண்டும். தப்பான பச்சை பூசினால் ஒரு நோயாளி தப்பான இலையைக் குடிப்பான் என்று பயமுறுத்துவார்.

கடைசியாக, தொண்ணூறாம் வருடம், எடுத்தது நீர்முள்ளி. மூன்று பூ. இரண்டை முடித்தபோது ஊதாக் கட்டி தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்கலாம் என்று மூடிவைத்தேன். மறுநாள் இயக்கக்காரர், முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். உடுத்த துணியோடு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். வாப்பா பாலாவிப் பக்கத்து முகாமில் மவுத்தானார். கடைசிவரை அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பியோடு போய்ப் பார்த்தேன். ஆடாதோடை, நொச்சி, தூதுவளை. புத்தகத்தைக் கிழித்து ஒவ்வொரு தாளாகச் சட்டம் போட்டிருந்தார்கள், பாவிகள். கீழே மூன்று மொழியிலும் ஒரு அட்டை: 'ஒல்லாந்தர் காலத்து ஓவியர் கையால் தீட்டியவை.' ஒல்லாந்தராம், டச்சுக்காரனாம்! மன்னார்க் கடையில் வாங்கிய பள்ளிக்கூடப் பெயின்ட் பெட்டி ஒல்லாந்தருடையதாம்!

மனேஜர் நம்மட ஆள்தான், மதுரங்குளிப் பக்கம். கதிரை போட்டு உட்காரவைத்தான். படமும் வேண்டாம், காசும் வேண்டாம், அட்டையை எடுத்துவிட்டு 'மன்னார் வைத்தியரின் மகள் பூசியது' என்று எழுதினால் போதும் என்றேன்.

"ஆதாரம் ஏதும் இருக்கா லாத்தா?"

"நீர்முள்ளிப் படம் இருக்கா? மூணு பூவில ஒண்டு வெள்ளையா இருக்கும்."

அவன் முகம் மாறிவிட்டது. உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். மூன்று பூவும் ஊதா. மூன்றாவது, மை கொட்டினதுபோல் அப்பிக் கிடந்தது.

"பழைய சாமான்காரனிட்ட வாங்கேக்க அது வெள்ளையாத்தான் இருந்திச்சு," என்றான் மெதுவாக. "கொழும்பில குடுத்து நிரப்பி எடுத்தம். முதலாளிக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியும்."

"பிறகென்ன? எங்கட லாத்தாட எண்டு விளங்கிட்டுத்தானே!" தம்பி துள்ளினான்.

"ஓம், நான் நம்புறன். ஆனா வாற வெள்ளைக்காரனுக்கு ஒல்லாந்தர்ட எண்டாத்தான் பெறுமதி. அட்டைய மாத்தினா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிருவார்." கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையைப் பார்த்தான். "உங்களுக்கு இன்னும் கை வருமெண்டா, புது அறைகளுக்குப் பத்துப் படம் பூசித் தாங்களேன். தேத்தண்ணியில நனைச்சுப் பழசாக்கிறத நாங்க பாத்துக்கிறம்."

"அட்டை?"

"அட்டை இதேதான்."

அவன் மூஞ்சிக்கு நேரே நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன் என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தம்பியும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அன்று என் வாயில் வந்தது ஒரே கேள்வி.

"என்னென்ன மூலிகை வேணும்?"