சுவருக்குள் உம் கொட்டியது

அருணாதேவி ஊருக்கெல்லாம் கதை படித்துக் காட்டினாள். இருசப்பனுக்கு மட்டும் ஒன்றுகூடப் படித்துக் காட்டியதில்லை. அந்தக் கோபம் பல வருஷமாக அவனுக்குள் கிடந்தது, டயருக்குள் ஏறிய ஆணி மாதிரி. வண்டி ஓடும். ஆனால் குத்தும்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்த இரண்டு அறைகள். ஒன்றில் இருசப்பனின் பஞ்சர் கடை. மற்றதில் அருணாதேவியின் தையல் மிஷினும் அடுப்பும் பாயும். புருஷன் விட்டுப் போனபின் அவள் தனி ஆள்தான். ரவிக்கை தைப்பாள், கை ஓய்ந்தால் கதை எழுதுவாள். துணி கொடுக்க வந்த நந்தினி டீச்சரை உட்காரவைத்துப் படிப்பாள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த, தமிழில் ஒரு வார்த்தை தெரியாத வெள்ளைக்காரிக்குக்கூட ஒரு கதை முழுசாகப் படித்தாள். அந்தம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

அன்றைக்கு இருசப்பன் வாய்விட்டே கேட்டுவிட்டான். "ஏம்மா, எனக்கு ஒண்ணு படிச்சிக் காட்டுனா ஆவாதா?"

"நீங்க அஞ்சாவதோட நின்னவருண்ணா. இது வேற மாதிரி கதை. ஒங்களுக்குப் புடிக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

கதைகள் பத்திரிகைக்குப் போயின, திரும்பி வந்தன. முன்பெல்லாம் தபாலில் வந்த பதில் இப்போது போனில் வந்தது. பிரசுரிக்க இயலாததற்கு வருந்துகிறார்களாம். "யாரும் வருந்தலண்ணா, அதுவா வருது," என்பாள். கேட்க வந்தவர்களும் மெல்லக் கழன்றார்கள். நந்தினி டீச்சர் வேறு டெய்லரைப் பிடித்துக்கொண்டாள். "துணி தைக்கக் குடுத்தா காதைத் தைக்கறா," என்று இருசப்பனின் பெண்டாட்டி ரேணுகாம்பாள் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றியது.

பிறகு அருணாதேவி தனக்குத்தானே படிக்க ஆரம்பித்தாள். மத்தியானம், வெயிலில் பாதை வெறிச்சோடிக் கிடக்கும் நேரம். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி இருசப்பன் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். அவள் குரல் வரும், ஆனால் வார்த்தை பிடிபடாது. ஒருநாள் அந்தக் குரல் நின்ற இடத்தில் இன்னொரு சத்தம் வந்தது.

"உம்."

கதை சொன்னால் எதிரில் இருப்பவர் உம் கொட்ட வேண்டும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அது ஆண் குரல். வயசு சொல்ல முடியாத, அவசரமே இல்லாத குரல். அவள் ஒரு வரி படிப்பாள், அது ஒரு உம் கொட்டும். மறுநாளும் வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தின் இரைச்சலில் மட்டும் கேட்காது.

"உள்ள எவனையோ வச்சினு கீறா," என்றாள் ரேணுகாம்பாள்.

"வாயைக் கழுவு."

"அப்போ உம் கொட்டறது செவுரா?"

அவள் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எவனோ ஒருத்தனுக்குப் படிக்கிறாள், தனக்கு இல்லை. இருசப்பனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன் நேரே போய் அவள் வாசலில் நின்றான். கதவு திறந்தே கிடந்தது. அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள், மடியில் காகிதம். வேறு ஆள் இல்லை. ஒளிந்துகொள்ளவும் அங்கே இடம் இல்லை.

"யாரும்மா உம் கொட்டனது?"

அவள் சிரித்தாள். "வெளையாடாதீங்கண்ணா. நீங்கதான் அந்தப் பக்கம் குந்தினு கொட்டறீங்க, எனக்குத் தெரியாதா? ஒருநாள் மொகத்துல அடிச்சாப்ல பேசிட்டேன், அதான் ஒளிஞ்சி கேக்கறாருன்னு நானும் கண்டுக்கல."

"நான் வாயே தொறக்கலம்மா."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இருவரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேர். அந்தப் பக்கம் கடை காலி.

"உம்," என்றது சுவர்.

அதன்பின் கொஞ்ச நாள் படிக்கும் குரலும் இல்லை, மிஷின் சத்தமும் இல்லை. ரேணுகாம்பாள் திருநீறு கொண்டுவந்து சுவரில் பூசினாள். மலையில் சித்தர்கள் நடமாடுகிறார்கள், அவர்களில் ஒருவராக இருக்கும் என்றாள். "ஒரு சித்தருக்குக் கத கேக்கற ஆச வந்தா ஒன் புருஷன் பஞ்சர் கடைக்கா வருவாரு?" என்று கேட்டான் இருசப்பன். கேட்டானே தவிர, அந்தச் சுவரில் முதுகு சாய்ப்பதை விட்டுவிட்டான்.

ஒருநாள் அருணாதேவியே கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. துணிப் பஞ்சு ஏறிய நெஞ்சு, பேசப் பேச இரைத்தது.

"பயமா இல்லண்ணா. யாரா இருந்தா இன்னா, கேக்குதேன்னுதான் மறுபடி படிச்சேன். எங்க நிறுத்துனாலும் உம் கொட்டுது. நேத்து கரண்ட் பில்லை எடுத்துப் படிச்சேன். அதுக்கும் அதே உம்."

"சர்தான்."

"பத்திரிகைக்காரன் எதை அனுப்புனாலும் வேணாங்கறான். இது எதப் படிச்சாலும் உம்ங்குது. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுமே என் கதயக் கேக்கல. எனக்கு எழுத வருமா வராதான்னு நான் யாரக் கேக்கறது? சாவறதுக்குள்ள அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீங்க வந்து குந்துங்க. புடிக்கலன்னா உம் கொட்டாதீங்க."

"நான் அஞ்சாவதோட நின்னவன்."

"குத்தாதீங்கண்ணா. வாங்க."

போனான். கதை ஒரு அக்காவைப் பற்றியது. அவள் பாகத்து நிலத்தைத் தம்பி சொல்லாமல் விற்றுவிடுகிறான். வருஷங்கள் கழித்துக் கிரிவலக் கூட்டத்தில் அவனைப் பார்க்கிறாள், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறாள். அதுவரைக்கும் இருசப்பன் உம் கொட்டினான், சுவரும் கூடவே கொட்டியது. தன் குரலுக்கு ஒட்டினாற்போல இன்னொரு குரல் வருவது, ஈரத்துணியைப் பிடரியில் போட்ட மாதிரி இருந்தது. கட்டிப்பிடித்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டான். சுவர் மட்டும் தனியாக உம் கொட்டியது.

அவள் நிமிர்ந்தாள். "ஏண்ணா?"

"நெலத்த வித்தவன எவம்மா கட்டிப் புடிப்பா? பொய்யி."

அவள் முகம் சுருங்கியது. காகிதத்தைக் கிழித்துத் தன் மேலே எறிவாள் என்றுகூட அவன் நினைத்தான். அவளோ பென்சிலை எடுத்தாள். மறுநாள் மத்தியானம் மாற்றிப் படித்தாள். அந்த அக்கா தம்பியைக் கூப்பிடவே இல்லை. கூட்டத்தில் அவன் முதுகைப் பார்த்தபடியே மலையைச் சுற்றி வருகிறாள், அவன் நின்றால் நிற்கிறாள், நடந்தால் நடக்கிறாள். தம்பி ஒருதரம்கூடத் திரும்பவில்லை. ஆனால் அவன் நடை வேகமாகிக்கொண்டே போகிறது.

இருசப்பனிடமிருந்து கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. "உம்."

சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து அது வாய் திறக்கவில்லை.

"போயிடிச்சி," என்றான் இருசப்பன்.

"போகலண்ணா," என்றாள் அவள். "இப்பதான் கதயக் கேக்குது."

அந்தக் கதையும் திரும்பி வந்தது. "அவங்களுக்குப் புடிக்கல. எங்கண்ணனுக்குப் புடிச்சிது," என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கப் போனாள். எழுதுவதையும் விடவில்லை, அனுப்புவதையும் விடவில்லை. இருசப்பன் சில இடத்தில் உம் கொட்டினான், பல இடத்தில் கொட்டவில்லை. அவள் திட்டுவாள், பிறகு மாற்றுவாள்.

நெஞ்சு ரொம்ப மோசமானபோது அவள் தம்பி பரசுராமன் வந்து கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். இருசப்பன் பஸ் ஏறிப் பார்க்கப் போனான். ஜன்னலோரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் பரசுராமனை டீ வாங்கிவர அனுப்பினாள்.

"அந்த ரூமை யாருக்காச்சும் விட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. பூட்டியேதான் கெடக்குது."

"நல்லது." மூச்சுக்கு நின்றாள். "பாதியில ஒண்ணு நிக்குது. முடிவு சரியா வரல. மத்தியானத்துல படிக்கற சத்தம் கேட்டா பயந்து கடைய மூடிட்டுப் போயிடாதீங்க. குந்திக் கேளுங்க."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"நான் செத்தவளாச்சேன்னு பாவம் பாத்து மட்டும் உம் கொட்டாதீங்கண்ணா. நல்லா இல்லன்னா கம்முனு இருங்க."