லா ஷப்பெலில் செனட்டருக்கு ஐந்து பொன்னாடை

கடந்த ஜூனில் ஈஃபிள் கோபுரம் பார்க்கத்தான் நான்கு நாள் பாரிஸ் போனேன். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில் தமிழ் நூலகம் நடத்தும் நேசன் அண்ணை விடவில்லை. எனக்கு முன்பே பழக்கமானவர். தமிழும் பிரெஞ்சும் தெரியும், ஆங்கிலம் வராது. "தம்பி, ஒரு பெரிய மனிசன் வாறார். நீர்தான் மொழிபெயர்க்கோணும்" என்றார்.

பெரிய மனிதர் ஒரு அமெரிக்க முன்னாள் செனட்டர். பூட்டுத் தொழிலில் கோடி கோடியாய்ச் சம்பாதித்து, அரசியலில் இறங்கி, இப்போது ஊர் ஊராக நூலகங்களுக்கு வாரிக் கொடுப்பவர். லண்டன் போகும் வழியில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். நூலகத்தின் வாடகை அறையை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். வேறொரு அறைக்கு அவரிடம் உதவி கேட்பதுதான் கூட்டத்தின் ஒரே நோக்கம்.

விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு ரயில் 13 யூரோ. அங்கிருந்து லா ஷப்பெல் பத்து நிமிட நடை. வெளியே வந்தபின் வழி தெரியாமல் பயந்து, மறுபடி 2.50 யூரோ கொடுத்து மெட்ரோவில் சுற்றிப் போன ஏமாளி நான். நீங்கள் நடங்கள்.

மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்து பேர் பேசினார்கள். ஐவரும் செனட்டர் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார்கள். அவருடைய வாழ்க்கையை அவர் காதிலேயே ஐந்து முறை ஆங்கிலத்தில் ஓதினேன். மூன்று தேர்தலில் நின்று ஒன்றில் தோற்றவர் அவர். மரியாதை கருதி அந்தத் தோல்வியை எல்லோரும் விட்டுவிட்டார்கள். "அதில் தோற்றதால்தான் நூலகம் பக்கமே வந்தேன்" என்று செனட்டர் என்னிடம் வருத்தப்பட்டார். நான்காமவர் அவரை ஜனாதிபதியாகவே ஆக்கிவிட்டார். நான் மொழிபெயர்ப்பில் பதவி இறக்கினேன்.

நாலரைக்கு ஐந்து பொன்னாடைகளோடு செனட்டர் கிளம்பிவிட்டார். நாற்காலிகளை அடுக்கும்போதுதான் நேசன் அண்ணை அலறினார்: "ஐயோ தம்பி, அறையைக் கேக்கேல்லையே!"

ஓடினோம். கார் து நோர் நிலையத்தில், லண்டன் ரயில் வரிசையில் அவரைப் பிடித்தோம். "இப்படி ஓடி வந்திருக்கிறாரே, என்ன வேண்டுமாம்?" என்று செனட்டரே கேட்டார். அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

நேசன் அண்ணை மூச்சிரைக்கக் கைகூப்பினார். "ஒண்டும் வேண்டாம் ஐயா. நீங்கள் வந்ததே எங்களுக்குப் போதும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே ஆங்கிலத்தில் சொன்னேன்: "நூலகத்துக்கு ஒரு அறை வேண்டுமாம். இந்த மாதத்துக்குள்." செனட்டர் சிரித்தபடி அண்ணையின் கையைக் குலுக்கிவிட்டு, உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணையும் சிரித்தார்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். லண்டன் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதென்றால் பொன்னாடைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஈஃபிள் கோபுரத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

போன வாரம் நேசன் அண்ணை, ரூ பஜோல் தெருவில் கிடைத்த புது அறையின் படத்தை அனுப்பினார். கீழே ஒரு வரி: "பாத்தீரே தம்பி, நாங்கள் வாய் திறந்து கேக்காமலே தந்த மனிசன்!"