முதுகிலா, விலாவிலா

அக்கா புருஷனைக் கோழி வெட்டும் கத்தியால் வயிற்றில் குத்தியவன் நான். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வராது. அக்காவின் உதடு கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கப் போனேன். அவன் முதலில் என் வயிற்றில் இறக்கினான். அதே கத்தியைப் பிடுங்கி நான் அவன் வயிற்றில் இறக்கினேன். எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கிள்ளானில், அக்கா வீட்டு அடுப்படியில் நடந்தது இது.

மருத்துவமனையில் அக்கா, வீட்டுக்குள் திருடன் புகுந்து இருவரையும் குத்திவிட்டதாகச் சொன்னாள். குடும்ப மானமாம். "ஒரே குடும்பம் சிஸ்டர், பக்கத்துப் பக்கத்துக் கட்டில் குடுங்க. நான் ஒருத்திதான் பாத்துக்கணும்" என்று கேட்டும் வாங்கினாள். இப்படி ஒரு புத்திசாலித்தனம் எங்கள் வீட்டில்தான் பிறக்கும்.

இருவருக்கும் வயிற்றைத் திறந்து தைத்தார்கள். மறுநாள் மயக்க மருந்து டாக்டர் அம்மா வந்தார். வலிக்கு இரண்டு வழி என்றார். முதுகெலும்பில் மெல்லிய குழாய் வைத்து மருந்தை விட்டுக்கொண்டே இருக்கலாம். வயிறு மரத்துவிடும், காலும் கொஞ்சம் சோரும். இல்லையென்றால் விலா எலும்புகளின் கீழே வரிசையாக ஊசி. காலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சில மணி நேரத்தில் வலி திரும்பிவிடும்.

"முதுகுதான் நல்லது தம்பி. நல்லா இருமலாம், சளி கட்டாது."

காப்பாரில் என்னோடு லோரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், முதுகில் ஊசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கோ இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "முதுகு வேணாம்லா டாக்டர், விலாவுலயே போடுங்க" என்றேன். அக்கா புருஷன் முதுகைக் காட்டினான்.

நன்றாக அனுபவித்தேன். மருந்தின் வேகம் குறைந்ததும் ஒவ்வொரு மூச்சும் தையலில் மிளகாய் அரைத்தது. அவனோ பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சாய்ந்துகொண்டு, "வலிக்குதா மச்சான்?" என்பான். ஆழமாகக் குத்தாமல் விட்டேனே என்று நொந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அக்கா ஃபிளாஸ்க்கில் விரால் மீன் சூப் கொண்டுவந்தாள். தையல் ஆற இங்கே எல்லாரும் கொடுப்பதுதான். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். அது போதும் அவனுக்கு. பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தில் அறைந்தான். மறுபடி அறைந்தான். வயிறு மரத்தவனுக்குக் கை ஓங்குவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

நான் எழுந்தேன். தையல் பிரிந்தது. ஃபிளாஸ்க்கை எடுத்து அவன் வாயிலேயே அடித்தேன், பல் தெறிக்கும் வரை அடித்தேன். கால் சோர்ந்தவனால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. பிறகு என் ரத்தத்திலேயே வழுக்கி விழுந்தேன்.

திரும்பத் தைத்து, நான் கண் விழித்தபோது அதே டாக்டர் அம்மா நின்றார்.

"இப்பவாவது முதுகுல போடலாமா?"

"வேணாம். எனக்குக் கால் வேணும். அவன் மறுபடி கை வச்சா நான் எந்திரிக்கணும்."

அக்கா கட்டிலருகே வந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"முதுகுலயே போடுங்க டாக்டர்" என்றாள். பிறகு என்னிடம், "திருடன் யாருமில்லன்னு போலிஸ்ல ரிப்போர்ட் குடுத்துட்டேன். அவரு அடிக்கிறதையும் நீ குத்துனதையும் சொல்லிட்டேன்டா. இனிமே எனக்காக நீ எந்திரிக்க வேணாம்."

கோபம் வரும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. முழங்காலை மடக்கி, டாக்டரிடம் முதுகைக் காட்டினேன்.