இரண்டு மாத்திரை அட்டைகள்

எங்கள் ஊரான பெருநகரின் பேருந்து நிறுத்தத்தில் அக்கா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கம்பெனி வேன் வந்து நின்றும் அவள் ஏறவில்லை. "ரெண்டு வேன் நிக்கிற மாரி கீதுடி" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருப்புட்குழி மாப்பிள்ளை. அவள் கன்னமெல்லாம் சீழ் கோத்த பருக்கள். காஞ்சிபுரத்துத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் உதடு வெடித்ததே தவிர முகம் தெளியவில்லை. முகூர்த்தம் நெருங்கவும், உத்திரமேரூர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே பருவுக்கென்று இன்னொரு மாத்திரையும் வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் தலைவலி. குனிந்தால் கண் இருட்டியது. காதுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி இரைச்சல். கல்யாணக் கவலை என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.

வேனில் ஏற முடியாத அன்றே சென்னைக்குக் கூட்டிப்போனோம். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அக்கா கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து வைத்தாள்.

"ரெண்டும் பருவுக்குத்தானே சார்?"

"ரெண்டையும் ஒண்ணா சாப்பிடக் கூடாதும்மா. மூளையைச் சுத்தி நீர் அழுத்தம் ஏறிடும். கண் நரம்பு தாங்காது."

இரண்டையும் நிறுத்தினார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தலைவலி போயிற்று. வலது கண் தேறியது. இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை மட்டும் திரும்பவில்லை.

மறைத்துவிடலாம் என்றாள் அம்மா. அக்கா எங்கள் எதிரிலேயே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். "எடது பக்கம் வர்றது தெரியாதுங்க. இனிமே சரியாவாதுன்ட்டாங்க. ஒங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்." வீட்டில் கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். பிறகு போன் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. சீர்ச் சாமான்களை அம்மா துணி சுற்றிப் பரணில் ஏற்றினாள். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

பருக்கள் போய்விட்டன. அக்கா இப்போது அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழைய வேலை இல்லை. போன மாதம் உறவுக் கல்யாணம் ஒன்றில் அவளுடைய இடப்பக்கம் வந்து நின்ற அத்தை, "மூஞ்சி பளபளன்னு கீதே, இன்னாம்மா போட்ட?" என்று கேட்டாள். பேசுவது யாரென்று பார்க்க அக்கா உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

"மாத்தர சாப்ட்டேன் அத்த" என்றாள்.